ஹார்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு: நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வில் 1600-க்கு 1560, ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.97, ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப்) பாடங்கள் 11. ஹார்வர்டில் எத்தனை சதவீத வாய்ப்பு?

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு யாராலும் சதவீதம் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பைக் காரணம் காட்டி இந்த விண்ணப்பத்தை ஒதுக்க மாட்டார்கள் என்பது மட்டும்தான் இவற்றிலிருந்து தெரியும்.

சேர்க்கையில் இனத்தைக் கணக்கிடுவதை எதிர்த்து ஹார்வர்டு மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். 2015-இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 8,000-க்கும் மேற்பட்டோருக்கு ஜி.பி.ஏ. முழுசாக இருந்தது. எஸ்.ஏ.டி. கணிதத்தில் 800-க்கு 800 வாங்கியவர்கள் 3,400-க்கும் மேல். ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து அனுமதி பெற்றவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு விண்ணப்பங்கள் 54,008 ஆகிவிட்டன. அனுமதி பெற்றவர்கள் 1,937 பேர்தான்.

அதே வழக்கில் அவர்கள் மதிப்பிடும் முறையும் தெரியவந்தது. படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, ஆளுமை என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை போடுகிறார்கள். 1 தான் உச்சம். மேலே சொன்ன மாணவிக்குப் படிப்பில் 2 கிடைக்கும். ஆனால் விண்ணப்பிப்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு அதே 2 கிடைக்கிறது. 1 வாங்குவது நூறில் ஒருவருக்கும் குறைவு. அதற்கு மதிப்பெண் போதாது, அந்தத் துறையில் அசலான வேலை ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஆக, மற்ற கட்டங்களில் 2 வருமா, 3 வருமா என்பதில்தான் இந்த மாணவியின் முடிவு இருக்கிறது.

ஹார்வர்டின் 3.6 சதவீதச் சேர்க்கை விகிதம் (54,008-இல் 1,937) அப்படியே எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அந்தச் சராசரியை இரண்டு விஷயங்கள் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன.

முதலாவது, எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. விளையாட்டுப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், டீனின் தனிப்பட்டியலில் உள்ளவர்கள், ஹார்வர்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினர் விண்ணப்பதாரர்களில் சுமார் 5 சதவீதம்தான். இடம் பெற்றவர்களிலோ சுமார் 30 சதவீதம். அந்த விகிதம் இன்றும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு 3.6 என்பது 2.7-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

இரண்டாவது, அந்த 54,000 பேரில் கணிசமானவர்களுக்குப் பாடச்சுமையோ மதிப்பெண்ணோ போதாது. அவர்களைக் கழித்தால் நன்றாகப் படிப்பவரின் நிலை கொஞ்சம் உயரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எண்கள் மட்டும் வலுவாகவும் மற்றவை சாதாரணமாகவும் உள்ள மாணவருக்குச் சராசரியை ஒட்டியும், படிப்போடு இன்னொரு கட்டத்திலும் உண்மையான பலம் உள்ளவருக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்காகவும் வாய்ப்பு இருக்கும் என்று மதிப்பிடலாம். இரண்டு மூன்று மடங்கு என்றாலும் பத்தில் ஒன்றுதான். இதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது நல்லது.

எம்.ஐ.டி.யிலும் கால்டெக்கிலும் முன்னாள் மாணவர் பிள்ளை என்ற சலுகை கிடையாது. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது.

ஒரு கல்லூரியின் நம்பகமான எண்களை எங்கே பார்ப்பது?

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே அமைப்பில் வெளியிடும் ஆவணம் இது. சேர்க்கை பற்றியது 'சி' பகுதி. சி1-இல் எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது இருக்கும். சி2-இல் காத்திருப்போர் பட்டியல். சி9-இல் சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண். எர்லி டிசிஷன் (கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்ற உறுதியோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று) உள்ள கல்லூரி என்றால் அதன் கணக்கு சி21-இல்.

நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டியது சி7. பாடங்களின் கடினம், மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், கட்டுரை, சொந்த மாநிலம், மாணவர் காட்டும் ஆர்வம் என்று ஒவ்வொன்றும் 'மிக முக்கியம்' தொடங்கி 'கவனிப்பதில்லை' வரை எந்தப் படியில் இருக்கிறது என்று கல்லூரியே அதில் குறி போட்டிருக்கும். 'ஆர்வம்' கணக்கில் உண்டு என்று குறித்த கல்லூரியில், இணையவழித் தகவல் கூட்டத்தில்கூடக் கலந்துகொள்ளாமல் விண்ணப்பித்தால், நல்ல மதிப்பெண் உள்ளவருக்கும் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கக்கூடும்.

எஸ்.ஏ.டி.யில் 1530 வந்திருக்கிறது. 1570-க்காக மறுபடி எழுதலாமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்த வகைக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் நடுப்பாதி ஏறக்குறைய 1500-க்கும் 1580-க்கும் இடையில் இருக்கும். அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் தேர்வு தன் வேலையை முடித்துவிட்டது. உச்சிக்கு அருகே ஒரே ஒரு கேள்வி தவறினாலே 10, 20 புள்ளிகள் போய்விடும். 1550-க்கும் 1570-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு கேள்விகள் என்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கும் தெரியும்.

விதிவிலக்கு கணிதப் பகுதி. பொறியியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ கேட்டு, கணிதத்தில் 750-க்குக் கீழே இருந்தால் மறுபடி எழுதுவது பயனுள்ளது. எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கணிதத்தில் 780 அல்லது அதற்கு மேல்.

தேர்வே தேவையில்லை என்ற காலம் இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எம்.ஐ.டி. 2022-இல் எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024-இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை பின்தொடர்ந்தன. யேல் மட்டும் ஏ.பி., ஐ.பி. (சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டம்) மதிப்பெண்களையும் மாற்றாக ஏற்கிறது. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு நேர்மாறு: எஸ்.ஏ.டி. மதிப்பெண் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியிலிருந்தே 25 பேர் இதே கல்லூரிகளுக்குப் போடுகிறார்கள். அது பாதிக்குமா?

பாதிக்கும். கல்லூரிகள் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அதிகாரியை வைத்திருக்கின்றன. அவர் உங்கள் பள்ளியின் விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். ஒரு பள்ளிக்கு இத்தனை இடம் என்று எழுதிவைத்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஒப்பீடு நடக்காமல் இருக்காது. பள்ளி 22 ஏ.பி. பாடங்கள் நடத்தும்போது 11 எடுத்ததும், 11 மட்டுமே நடத்தும்போது 11 எடுத்ததும் அவர் கண்ணில் வேறு வேறு. பள்ளியின் கவுன்சலர் அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற பள்ளி விவரக் குறிப்பு இதற்காகத்தான். உங்கள் பள்ளியினுடையதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பள்ளியில் நவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற கல்லூரி வழிகாட்டி மென்பொருள் இருந்தால், முந்தைய மாணவர்களின் ஜி.பி.ஏ.யும் எஸ்.ஏ.டி.யும் புள்ளிகளாகக் குறித்த வரைபடம் கிடைக்கும். பச்சை என்றால் இடம் கிடைத்தவர், சிவப்பு என்றால் கிடைக்காதவர். பொதுச் சராசரியைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். பச்சைப் புள்ளிகளில் விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். எர்லியில் (முன்சுற்றில்) போட்டவரா, ரெகுலரில் (வழக்கமான சுற்றில்) போட்டவரா என்பதும் சில நேரம் தெரியாது. மேல் மூலையில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்து, பச்சை இரண்டு மூன்று மட்டும் சிதறிக் கிடந்தால், உங்கள் பள்ளிக்கு அந்தக் கல்லூரி எப்போதும் கடினமானது என்று கொள்ளுங்கள், மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும்.

பாடத்துக்கு வெளியே செய்தவற்றை எப்படி எடை போடுகிறார்கள்?

நம் குடும்பங்கள் மிகவும் தவறாகக் கணக்கிடுவது இங்கேதான். எண்ணிக்கையைப் பெருக்குகிறார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பப் படிவத்தில் 10 செயல்பாடுகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். எம்.ஐ.டி.யின் படிவத்தில் நான்கே நான்கு. பத்துக் கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பத்தைப் படிப்பவர் பார்ப்பது மூன்று. எவ்வளவு தூரம் எட்டியது: பள்ளி அளவா, மாநிலமா, நாடா? எத்தனை ஆண்டு தொடர்ந்தது? இந்த மாணவர் இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்குமா? மூன்றாவதுக்கு நேர்மையான பதில் 'நடந்திருக்கும்' என்றால் அந்த வரிக்கு எடை குறைவு. பள்ளிச் சங்கங்களின் தலைவர் பதவி பெரும்பாலும் இந்த ரகம்.

நாடு தழுவிய அளவுகோல்கள் துறைக்குத் துறை உண்டு. கணிதத்தில் ஏ.எம்.சி. போட்டித் தேர்வு எழுதி அடுத்த சுற்றான ஏ.ஐ.எம்.இ.க்குத் தகுதி பெறுவது நல்ல அடையாளம், யு.எஸ்.ஏ.எம்.ஓ. என்ற தேசிய ஒலிம்பியாட் வரை போவது அரிது, அதை எம்.ஐ.டி. உடனே கவனிக்கும். நிரலெழுதுவதில் யு.எஸ்.ஏ.சி.ஓ. என்ற கணினி ஒலிம்பியாடின் உச்சப் பிரிவான பிளாட்டினம் நிலை. ஆராய்ச்சியில் ரீஜெனரான் என்ற பள்ளி மாணவர் அறிவியல் போட்டியின் முதல் 300 பேர் பட்டியல். பணம் கட்டிச் சேரும் கோடைக்கால வகுப்பு, அது புகழ்பெற்ற பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்தாலும், சேர்க்கையில் பெரிதாக எண்ணப்படாது. கட்டணமில்லாமல், கடும் போட்டியில் சில பத்துப் பேரை மட்டும் எடுக்கும் ஆர்.எஸ்.ஐ. கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி போன்றவை வேறு கதை.

எழுதும் விதத்திலும் நிறைய நழுவிப்போகிறது. 'ரோபாட்டிக்ஸ் குழுத் தலைவி. குழுவை வழிநடத்தினேன், தலைமைப் பண்பும் கூட்டு முயற்சியும் கற்றேன்' என்ற வரியில் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. 'மோட்டார் கன்ட்ரோலர் பழுதைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பலகை வடிவமைத்தேன். பக்கத்து 4 பள்ளிக் குழுக்களும் பயன்படுத்துகின்றன. புதியவர் 12 பேருக்குச் சாலிடரிங் பயிற்சி' என்றால் அதே இடத்தில் ஓர் ஆள் தெரிகிறாள். வினைச்சொல்லும் எண்ணும் பொருளும் இருக்கட்டும். பண்புப் பெயர்களைப் பரிந்துரைக் கடிதத்துக்கு விட்டுவிடுங்கள்.

பரதநாட்டிய அரங்கேற்றம், கர்நாடக சங்கீதம், தமிழ்ப் பள்ளியில் தொண்டு: இவற்றுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. நியூஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டல்லாஸ் போன்ற இடங்களின் விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் அரங்கேற்றம் என்ற சொல்லைப் பலமுறை பார்த்தவர்கள். பத்தாண்டு உழைப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே அரங்கேற்றம் நடந்தது என்ற செய்தி மட்டும் தனித்து நிற்காது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் நிற்கும். இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாளா, நட்டுவாங்கம் கற்றாளா, புதிதாக ஒரு உருப்படி அமைத்தாளா? இசை, நடனத்துக்குக் காணொளித் தொகுப்பு அனுப்பப் பல கல்லூரிகள் இடம் தருகின்றன. அந்தத் துறைப் பேராசிரியர்களே பார்க்கும் வாய்ப்பு உண்டு. சாதாரணத் தரமுள்ள பதிவை அனுப்பினால் பாதகமாகவும் முடியும். குருவிடம் வெளிப்படையாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழ்ப் பள்ளியில் நான்கு ஆண்டு சிறுவர் வகுப்பு எடுத்த பிள்ளைகள் அதைப் பட்டியலின் கடைசியில் ஒரு வரியாகப் போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வாரம் தவறாமல் போய், பாடம் தயாரித்து, ஏழு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்த வேலை அது. முதல் மூன்றில் வர வேண்டியது.

கட்டுரையையும் பரிந்துரைக் கடிதங்களையும் வெளியிலிருந்து மதிப்பிட முடியுமா?

கட்டுரையை ஓரளவு முடியும். 650 சொற்களுக்குள் எழுதும் காமன் ஆப் கட்டுரையில் பெயரை மறைத்துவிட்டு, வகுப்பில் இன்னொருவரும் இதை எழுதியிருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் திரும்ப எழுத வேண்டும்.

கடிதங்களை முடியாது. பெரும்பாலோர் அவற்றைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறார்கள். அப்படிச் செய்வதே சரி. ஆசிரியரைத் தேர்வு செய்வது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. 'ஏ' கொடுத்த ஆசிரியரைவிட, பிள்ளை தடுமாறி எழுந்ததைப் பார்த்த ஆசிரியர் நன்றாக எழுதுவார். 11-ஆம் வகுப்பு முடியும் மே மாதமே கேட்டுவிடுங்கள். எம்.ஐ.டி.க்கு ஒரு கணித/அறிவியல் ஆசிரியரும் ஒரு மொழி/சமூகவியல் பக்கத்து ஆசிரியரும் தேவை.

எர்லி டிசிஷன் போட்டால் வாய்ப்பு இரட்டிப்பாகுமா?

எண்கள் அப்படித்தான் காட்டும். 2024-இல் சேர்ந்த வகுப்புக்குப் பிரவுன் எர்லி டிசிஷனில் 6,244 பேரில் 898 பேரை எடுத்தது, 14.4 சதவீதம். மொத்தச் சராசரி 5-ஐ ஒட்டி. ஆனால் விளையாட்டு வீரர்களின் பெரும் பகுதி எர்லியில்தான் வரும். அவர்களைக் கழித்த பிறகும் எர்லி டிசிஷனில் ஆதாயம் மிஞ்சும். இரட்டிப்பு, மும்மடங்கு என்ற அளவில் இருக்காது. கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும் என்ற உறுதிமொழிக்கு ஈடாகத்தான் அந்த ஆதாயம். நிதியுதவி போதாவிட்டால் மட்டும் விலகலாம். அதனால் கையெழுத்திடும் முன் கல்லூரித் தளத்தில் உள்ள 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்' (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும்) பக்கத்தில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருப்பது கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷன். அங்கே போட்டால் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு எர்லியில் போடக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடலாம். எம்.ஐ.டி.க்கு அந்தத் தடை இல்லை.

முதல் விருப்பம் ஸ்டான்ஃபோர்டு, ஆனால் விண்ணப்பம் கார்னெல் அளவில் வலுவாக இருக்கிறது என்றால், எர்லி வாய்ப்பைக் கார்னெலுக்குச் செலவிடுவது பல குடும்பங்களுக்கு நல்ல முடிவாக இருக்கும். பிள்ளை மனதார அங்கே படிக்கத் தயாராக இருந்தால் மட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் கஷ்டமா?

துறைவாரியாகச் சேர்க்கும் இடங்களில் மிகவும் கஷ்டம். கார்னெகி மெல்லன், இல்லினாய் (அர்பானா-ஷாம்பெய்ன்), சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், பெர்க்லி ஆகியவற்றில் பல்கலைக்கழகத்தின் பொதுச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹார்வர்டு, யேல், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டில் முதல் ஆண்டுக்குப் பிறகுதான் துறையை அறிவிப்பார்கள். எதைக் குறித்தாலும் கதவு ஒன்றுதான். சுலபமான துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் துறைவாரி இடங்களில் பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் உள்ளேயிருந்து மாறும் வழியையும் இறுக்கிவிட்டார்கள்.

இந்திய வம்சாவளி என்பதால் குறைத்து எடை போடுகிறார்களா?

2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கிடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிந்தைய முதல் வகுப்பில் ஆசிய அமெரிக்கர்களின் பங்கு எம்.ஐ.டி.யில் 40-லிருந்து 47 சதவீதமாக ஏறியது. யேலிலோ 30-லிருந்து 24 ஆக இறங்கியது. ஒரே திசை என்று சொல்ல வழியில்லை. உண்மையில் பாதிப்பது, ஒரே பகுதியிலிருந்து ஒரே துறை, ஒரே போட்டிகள், ஒரே மருத்துவமனைத் தொண்டு என்று அச்சடித்தது போல வரும் விண்ணப்பங்களின் நெரிசல். அதை மாற்ற முடியும், ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைக்கு உண்மையில் எதில் மனம் ஓடுகிறது என்று பார்த்து விட்டுவிட்டால்.

பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கிறாள். வெளிநாட்டவர் கணக்கா?

படிப்பை அவள் படிக்கும் அமெரிக்கப் பள்ளியை வைத்துத்தான் பார்ப்பார்கள். நிதியுதவி விஷயத்தில் பல கல்லூரிகள் வெளிநாட்டவராக நடத்தும். மத்திய அரசின் உதவி கிடையாது. ஒவ்வொரு கல்லூரியிடமும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் சொந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதையும் திட்டத்தில் சேருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கிறோம். என்ன வேறுபாடு?

போட்டி இன்னும் கடுமை. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கான விகிதம் 2 சதவீதத்தை ஒட்டியது. அடுத்தது பணம். உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும் கல்லூரிகள்தான் அதிகம். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல் அந்த வகை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடின், பிரவுன் போன்ற சிலவே வெளிநாட்டவருக்கும் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுத்து, பிறகு தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன.

நடைமுறைச் சிக்கல் பள்ளியில் வரும். 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு மே மாதம். கல்லூரி முடிவோ மார்ச் கடைசியில். அதனால் 9 முதல் 11 வரையிலான மதிப்பெண் பட்டியலும், 12-க்குப் பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணும்தான் பேசும். 11-ஐ அலட்சியமாக விட்டு 12-இல் 600-க்கு 590 எடுக்கும் வழக்கம் இங்கே உதவாது. கவுன்சலர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியர் கவுன்சலருக்கான படிவத்தை நிரப்பலாம். பாடத்திட்டம், மாணவர் எண்ணிக்கை, கடந்த ஆண்டு எத்தனை பேர் 550-க்கு மேல் என்ற விவரங்களோடு இரண்டு பக்க ஸ்கூல் ப்ரொஃபைல் தயாரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் 575 என்பது உயர்ந்ததா சராசரியா என்று அங்கே படிப்பவருக்குத் தெரியாது.

தலா 5 சதவீதம் உள்ள 10 கல்லூரிகளுக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்குமா?

கணிதப்படி 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.60. அதாவது ஒன்றாவது கிடைக்க 40 சதவீதம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. பத்து இடத்துக்கும் போவது அதே கட்டுரை, அதே கடிதங்கள், அதே குறை. முதல் ஐந்து இடத்தில் மறுப்பு வந்தால் அடுத்த ஐந்தின் வாய்ப்பும் குறைவு என்றே பொருள். அதனால் உண்மையான எண் 40-க்குக் கீழே. பத்தை இருபதாக்கினால் கூடுதல் கட்டுரைகளின் தரம் சரிந்து, எல்லாவற்றையும் கீழே இழுக்கும்.

அப்படியானால் பட்டியலை எப்படிப் போடுவது?

கீழிருந்து தொடங்குங்கள். நிச்சயம் கிடைக்கும், செலவும் தாங்கும், பிள்ளை மகிழ்ச்சியோடு போவாள் என்ற மூன்றும் பொருந்தும் இரண்டு கல்லூரிகளை முதலில் எழுதுங்கள். நியூஜெர்சிக்காரர்களுக்கு ரட்கர்ஸ் பெரும்பாலும் அந்த இடத்தில் நிற்கும். டெக்சாஸில் வகுப்பின் முதல் 5 சதவீதத்தில் இருப்பவருக்கு, 2026 சேர்க்கையிலிருந்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் சட்டப்படி இடம் உறுதி. விரும்பிய துறை மட்டும் உறுதியில்லை. அடுத்து, பள்ளி வரைபடத்தில் உங்கள் எண்களுக்குப் பாதிக்கு மேல் பச்சை தெரியும் நான்கைந்து இடங்கள். கடைசியாக, 15 சதவீதத்துக்குக் குறைவாக எடுக்கும் இடங்களில் நான்கு முதல் ஆறு. இந்தக் கடைசி வகை, மதிப்பெண் எதுவானாலும், எல்லோருக்கும் கடினம்தான்.

முடிவை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் சொல்லும் இடம் ஒன்றாவது பட்டியலில் இருக்கட்டும். கையில் ஓர் அனுமதி இருந்தால் ஜனவரிக் கட்டுரைகளைப் பிள்ளை பதற்றமில்லாமல் எழுதுவாள்.

டிசம்பரில் 'டிஃபர்' என்று வந்தது. அல்லது மார்ச்சில் காத்திருப்போர் பட்டியல். இனி என்ன?

டிஃபர் என்றால் ரெகுலர் சுற்றில் இன்னொரு முறை பார்ப்பார்கள். எம்.ஐ.டி. போன்ற இடங்களில் எர்லியில் போட்டவர்களில் பாதிக்கு மேல் டிஃபர்தான். அதைப் பாராட்டாகவோ மறுப்பாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அரையாண்டு மதிப்பெண்ணும், விண்ணப்பத்துக்குப் பிறகு நடந்த புதிய விஷயம் இருந்தால் அதையும் ஒரு பக்கத்துக்குள் பிப்ரவரி தொடக்கத்தில் அனுப்புங்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்றால் கடிதத்தை நீட்டாதீர்கள்.

காத்திருப்போர் பட்டியலில் இடம் வேண்டும் என்று உடனே பதில் போடுங்கள். அதோடு, அனுமதி கிடைத்த கல்லூரி ஒன்றுக்கு மே 1-க்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். பட்டியலிலிருந்து பிறகு அழைப்பு வந்தால் அந்த முன்பணம் திரும்பக் கிடைக்காது, அவ்வளவுதான் நட்டம். காமன் டேட்டா செட்டின் சி2 பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். சில ஆண்டுகளில் பூஜ்யமாகவும் இருக்கும்.